உங்களுக்குத் தெரியுமா? மிதித்தும் இழுக்காத கார்கள்

முதலில் கேட்க வேண்டியது

அஞ்சுகிராமம் சந்திப்பிலிருந்து நாகர்கோவில், கன்னியாகுமரி, கூடங்குளம், காவல்கிணறு என நாலு பக்கமும் சாலை பிரிகிறது. எந்தச் சாலையில் வந்தாலும் ஒர்க் ஷாப் வாசலில் கார்க்காரர்கள் சொல்லும் புகார் ஒன்றுதான்: "அண்ணாச்சி, மிதிச்சா வண்டி இழுக்க மாட்டேங்கு." கெட்டிக்கார மெக்கானிக் உடனே பானெட்டைத் திறக்க மாட்டார். "எப்பம் இழுக்க மாட்டேங்கு? காலையில எடுத்த உடனேயா, சூடானப்புறமா? ஏத்தத்துலயா, சமதரையிலயா? எந்த கியர்ல?" என்று கேட்பார்.

பாதி நோய் இந்தப் பதில்களிலேயே பிடிபடும். குளிர்ந்த இன்ஜின் மட்டும் திணறினால் பிளக், கூலன்ட் வெப்பநிலை சென்சார், வால்வில் படிந்த கரி என்று தேடலாம். சூடான பிறகு மட்டும் என்றால் இக்னிஷன் காயில், கிராங்க் சென்சார், பெட்ரோல் பம்ப். காலை வைத்த அந்த முதல் நொடியில் மட்டும் தடுமாறினால் த்ராட்டில் பக்கம். ஏற்றத்திலும் ஓவர்டேக்கிலும் மட்டும் என்றால் எரிபொருள் போதவில்லை, அல்லது பொறி பலவீனம். இதையெல்லாம் கேட்காமலே பொருள் மாற்றத் தொடங்கும் ஒர்க் ஷாப்பில் பில் நீளும்; திணறல் அப்படியே இருக்கும்.

ஒரு லிட்டருக்கு ஒரு லாரி காற்று

ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டரில் போட்டுப் பார்த்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று. அதாவது ஒரு தண்ணீர் லாரி கொள்ளுகிற அளவு. அத்தனையும் ஏர் ஃபில்டர் என்ற அந்த மடிப்புக் காகிதத்தின் வழியாகத்தான் உள்ளே போகிறது.

ஆனி, ஆடியில் இந்தப் பக்கம் அடிக்கிற காற்றில் மணலும் புழுதியும் பறக்கும். கல், எம்-சாண்ட் ஏற்றிய லாரிக்குப் பின்னால் போகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கம்பெனிப் புத்தகத்தில் எழுதியிருக்கும் கிலோமீட்டர் வரை காத்திராமல், 5,000 கி.மீ.க்கு ஒருமுறை ஃபில்டரைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. காற்றடித்துச் சுத்தம் செய்வதானால் சுத்தமான பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அடிக்க வேண்டும். மாற்றி அடித்தால் தூசி இன்னும் உள்ளே ஏறும். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவவே கூடாது.

அடைத்த ஃபில்டரால் வண்டி சோம்பலாக இழுக்கும். ஆனால் வெட்டி வெட்டி இழுக்காது. ஜெர்க் அடிக்கிறது என்று போனவருக்கு ஏர் ஃபில்டரை மட்டும் மாற்றிக் கொடுத்தால், அடுத்த வாரம் அவர் திரும்பி வருவார்.

நொடிக்கு 25 பொறி

நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் 3,000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது ஒவ்வொரு பிளக்கும் நொடிக்கு 25 முறை பொறி அடிக்கிறது. 2,000 ஆர்.பி.எம்.மில் அரை மணி நேரம் ஓட்டினால் பிளக் ஒன்றுக்கு 30,000 பொறி. இதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு தவறினாலே காலுக்குத் தெரிந்துவிடும். மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்பது இதைத்தான்.

நின்ற இடத்தில் ரேஸ் செய்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஏற்றத்தில் மட்டும் மிஸ்ஸிங் வரும். ஏன்? ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அதிகக் காற்று புகுந்து அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக் கூட, பிளக்கின் இடைவெளியைப் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். தளர்ந்த காயிலும் தேய்ந்த பிளக்கும் ஐடிலில் சமாளித்துவிடும். பாரம் ஏறும்போது கைவிட்டுவிடும். ஆகவே ஒர்க் ஷாப் வாசலில் நிறுத்திவைத்து 'நல்லாத்தான் இருக்கு' என்று சொன்னால் நம்ப வேண்டாம். பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள்.

செலவில்லாத ஒரு சோதனை

இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றில் சிலிண்டருக்கு ஒரு காயில். ஸ்கேனரில் 'பி0302' என்ற பழுதுக் குறியீடு (மெக்கானிக் பேச்சில் 'கோடு') வந்தால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று பொருள். உடனே புதுக் காயில் வாங்க ஓட வேண்டாம். இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டுங்கள், மூன்றாவதை இரண்டாவதில். கோடை அழித்துவிட்டு, திணறிய அதே சாலையில் ஓட்டுங்கள். கோடு 'பி0303' என்று இடம் மாறினால் குற்றவாளி காயில். மாறாமல் இரண்டிலேயே நின்றால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கை இதே போல மாற்றிப் பாருங்கள், பிறகு இன்ஜெக்டர். அதற்கும் மசியவில்லை என்றால் அந்த சிலிண்டரின் கம்ப்ரஷனை அளக்க வேண்டும். ஒரு ஸ்பேனரும் பத்து நிமிடமும் போதுமான இந்த வேலையை எத்தனை பேர் செய்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

கழற்றிய பிளக்கையும் உற்றுப் பாருங்கள். முனை இளம்பழுப்பாக இருந்தால் நலம். உலர்ந்த கரி அப்பியிருந்தால் பெட்ரோல் கூடுதல். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் உள்ளே இறங்குகிறது. வெளிறி, பொரிந்தாற்போல் இருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது சூடு அதிகம். பீங்கானில் முடிபோல ஒரு கறுப்புக் கோடு ஓடியிருந்தால் மின்சாரம் வெளிவழியாகக் கசிந்திருக்கிறது. அந்த பிளக்கைத் திரும்ப மாட்டக் கூடாது.

மினுக்கும் மஞ்சள் விளக்கு

செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிவது வேறு, விட்டுவிட்டு மினுக்குவது வேறு. மினுக்கினால் மிஸ்ஸிங் கடுமையாகி, எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்துகொண்டிருக்கிறது. அப்படியே ஊர்வரை மிதித்துக்கொண்டு போனால் காயில் செலவோடு கன்வெர்ட்டர் செலவும் சேரும். அது பல மடங்கு.

கோடு தீர்ப்பல்ல

ஸ்கேனர் குறையைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. 'பி0171' என்றால் 'கலவையில் பெட்ரோல் குறைவு' என்று மட்டுமே பொருள். அதைப் பார்த்ததும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுகிறவர்கள் உண்டு. உண்மையைச் சொன்ன பாவத்துக்கு அந்தச் சென்சார் பலியாகிறது.

கோடைவிடப் பயனுள்ளது ஸ்கேனரின் நேரலை எண்கள். அதில் 'ஃபியூல் ட்ரிம்' என்று ஒரு சதவீதம் ஓடும். வண்டியின் கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதே அது. கூட்டலோ கழித்தலோ 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஐடிலில் ட்ரிம் எகிறி, 2,500 ஆர்.பி.எம்.முக்கு ரேஸ் செய்ததும் இறங்கினால் எங்கோ வாக்குவம் ஹோஸ் கிழிந்து திருட்டுக் காற்று நுழைகிறது. ஐடிலில் ஒழுங்காக இருந்து, ஏற்றத்தில் மிதிக்கும்போது எகிறினால் பெட்ரோல் வரத்து போதவில்லை. பம்பையும் ஃபில்டரையும் பாருங்கள். செல்போனோடு இணையும் சிறிய ப்ளூடூத் கருவியே இந்த எண்களைக் காட்டிவிடும்.

த்ராட்டிலில் படியும் கரி

ஏர் ஃபில்டரைத் தாண்டி வரும் காற்றைத் திறந்து மூடும் வட்டத் தகடுதான் த்ராட்டில். இன்ஜினிலிருந்து திரும்பி வரும் ஆயில் ஆவி அதன் ஓரத்தில் கரியாகப் படியும். காலை வைத்ததும் ஒரு கணம் ஒன்றும் நடக்காமல், பிறகு 'விருட்'டென்று எகிறினால் பெரும்பாலும் இதுதான். அதற்கென்றுள்ள கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைத்தால் போயிற்று. மின்சார த்ராட்டிலைச் சாவி போட்டிருக்கும்போது கையால் தள்ளக் கூடாது. துடைத்த பிறகு பல கார்களில் ஐடிலை மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். அதைச் செய்யாமல் வண்டியை எடுத்துவந்துவிட்டு, 'சர்வீஸுக்கு விட்டபிறகுதான் மோசம்' என்று புலம்புகிறவர்கள் ஏராளம்.

நூறு ரூபாய்க்குப் போடும் பெட்ரோல்

பெட்ரோல் பம்ப் டேங்குக்கு உள்ளேயே மூழ்கியிருக்கிறது. அதன் சூட்டைத் தணிப்பது சுற்றியுள்ள பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிறவர்களின் பம்ப் சீக்கிரம் சோரும். பல கார்களில் அது சுமார் 3 பார் அழுத்தத்தைத் தர வேண்டும். ஐடிலில் கேஜ் சரியாகக் காட்டி, மிதிக்கும்போது முள் சரிந்தால் பம்ப் தன் கடைசிக் காலத்தில் இருக்கிறது. கால் டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

இ20-யும் பழைய டேங்கும்

2023 பிப்ரவரியில் பெங்களூரில் அறிமுகமான இ20 பெட்ரோல், இப்போது ஊர் பங்க்குகள் வரை வந்துவிட்டது. நூறில் இருபது பங்கு எத்தனால். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. அதனால் இ20-க்கு வடிவமைக்காத பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது.

திணறலுக்கு இதில் இரண்டு வழிகள். எத்தனால் நல்ல கரைப்பான். பழைய டேங்கில் வருடக்கணக்காக ஒட்டிக் கிடந்த கசடைக் கிளப்பி ஃபில்டரில் கொண்டுபோய் அடைக்கும். இரண்டாவது, அது தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலுமாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். ஐப்பசி மழைக்குப் பிறகு, பெட்ரோல் போட்டுக் கொஞ்ச தூரம் போனதும் வண்டி வெட்டத் தொடங்கினால், முதலில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பெட்ரோலை எடுத்து அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் தனிப் படலம் தெரிந்தால் பிளக்கின் மேல் பழி போட வேண்டியதில்லை.

எல்லாத் திணறலையும் இ20 தலையில் கட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. இன்ஜெக்டர் உள்ள பெட்ரோல் கார்களில் ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துச் சொல்ல, கம்ப்யூட்டர் கொஞ்சம் கூடுதலாகவே தெளித்துச் சமாளித்துவிடும். கார்புரேட்டர் வண்டிக்குத்தான் அந்த வசதி இல்லை.

பங்க்கில் கேட்டுப் பெறும் உரிமை

பெட்ரோல் மேல் சந்தேகமா? பங்க்கில் ஃபில்டர் பேப்பர் கேளுங்கள்; வைத்திருக்க வேண்டியது அவர்கள் கடமை. நாசிலைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விட்டால், நல்ல பெட்ரோல் கறை இல்லாமல் ஆவியாகிவிடும். கறை தங்கினால் கேள்வி கேட்கலாம். அன்றைய அடர்த்தி எண்ணையும் பார்த்துக்கொள்ளலாம்.

ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் கலந்ததே கலப்படத்தைக் காட்டிக்கொடுக்கத்தான். மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல், பொறி மூட்டிய சுடர் வந்து சேரும் முன்பே தானாக வெடித்து 'டக் டக்' என்று நாக்கிங் கொடுக்கும். நாக் சென்சார் அதைக் கேட்டதும், இன்ஜினைக் காப்பாற்ற கம்ப்யூட்டர் பொறியைத் தாமதப்படுத்தும். இன்ஜின் பிழைக்கும்; பிக்கப் போய்விடும்.

வானில் நின்ற பம்ப்

அஞ்சுகிராமத்துக்கு வடக்கே, காவல்கிணற்றைத் தாண்டினால் மகேந்திரகிரி. இஸ்ரோ தன் திரவ எரிபொருள் ராக்கெட் இன்ஜின்களை ஓட்டிப் பார்க்கும் இடம். நம் ஒர்க் ஷாப் புகாருக்கும் அங்கே நடக்கும் வேலைக்கும் உள்ள உறவு, நினைப்பதைவிட நெருக்கம்.

2010 ஏப்ரல் 15 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. டி3 புறப்பட்டது. உள்நாட்டிலேயே செய்த கிரையோஜெனிக் இன்ஜினுக்கு அதுதான் முதல் பயணம். கீழ் அடுக்குகள் ஒழுங்காக வேலை செய்தன. மேல் அடுக்கில் எரிதலும் தொடங்கியது. ஆனால் திரவ ஹைட்ரஜனை இன்ஜினுக்குத் தள்ளும் பூஸ்டர் பம்ப், சுழலத் தொடங்கிய வேகத்திலேயே நின்றுபோனது. எரிபொருள் வரத்து நின்றதும் உந்துவிசை செத்தது; ஜிசாட்-4 செயற்கைக்கோளோடு ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. இன்ஜின் கெட்டுப்போகவில்லை, அதற்குச் சாப்பாடு போகவில்லை.

விசாரணைக் குழு டெலிமெட்ரி எண்களை நொடியின் சிறு பகுதிகளாகப் பிரித்துப் பார்த்துத்தான் பம்ப்பில் வந்து நின்றது. பம்ப்பின் வடிவமைப்பைத் திருத்தினார்கள். மகேந்திரகிரியில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். 2013 ஆகஸ்டில் புறப்படுவதற்குச் சற்று முன் எரிபொருள் கசிவு தெரிந்ததும் ஏவுதலையே நிறுத்தினார்கள். கடைசியில் 2014 ஜனவரி 5 அன்று ஜி.எஸ்.எல்.வி. டி5 ஜிசாட்-14 ஐ வெற்றிகரமாகச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. முழு இன்ஜினையும் தூக்கி எறியாமல், எது எப்போது நின்றது என்று பார்த்துத் திருத்தியதற்கு இதைவிடப் பெரிய உள்ளூர் உதாரணம் கிடையாது.

கார்புரேட்டருக்குள் ஒரு பீச்சாங்குழல்

ஆக்ஸிலேட்டரைச் சட்டென மிதிக்கும்போது காற்று உடனே பாய்ந்துவிடும். பெட்ரோல் கனமானது, பின்தங்கும். அந்த இடைவெளியில்தான் இன்ஜின் 'கக்' என்று முழுங்கும். இதற்காகவே பழைய சோலெக்ஸ் கார்புரேட்டர்களில் ஆக்ஸிலேட்டர் பம்ப் என்று சின்னப் பீச்சு வைத்தார்கள். மிதித்த அந்தக் கணத்தில் ஒரு துளி பெட்ரோலைக் கூடுதலாகப் பீய்ச்சும். அதன் டயாஃப்ரம் காய்ந்து கிழிந்தால் பிரீமியர் பத்மினி கார்கள் சிக்னலில் திணறும். மோரிஸ் மைனர் போன்ற பிரிட்டிஷ் கார்களின் எஸ்.யூ. கார்புரேட்டரில் இந்தப் பம்ப்பே கிடையாது. மேலே இருக்கும் குழாய்க்குள் கொஞ்சம் ஆயில்தான் அந்த வேலையைச் செய்தது. ஆயில் தீர்ந்தால் வண்டி திணறும். இன்ஜினையே பிரித்துப் போட்டபிறகு, குறை ஒரு ஸ்பூன் ஆயில் என்று தெரிந்துகொண்டவர்கள் அந்தக் காலத்தில் உண்டு.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ம் கார்புரேட்டர் வண்டிதான். சென்னையை அடுத்துள்ள யூகால் நிறுவனம் ஜப்பானின் மிகுனியோடு சேர்ந்து அந்தக் கார்புரேட்டர்களைச் செய்தது. இன்றைக்கு அந்தப் பீச்சின் வேலையை ஒரு நிரல் செய்கிறது: பெடல் எவ்வளவு வேகமாக இறங்கியது என்று பார்த்து, இன்ஜெக்டரை அதற்கேற்ப நீளமாகத் திறக்கும்.

கரியில் ஓடிய பஸ்

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனது. மதுரை டி.வி.எஸ். நிறுவனம் கரியை எரித்து வாயு எடுக்கும் 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' செய்து பஸ்களில் பொருத்தியது. அந்த வாயுவில் பாதியளவு ஒன்றுக்கும் உதவாத நைட்ரஜன். பெட்ரோலில் கிடைத்த இழுவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகும். ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளினார்கள் என்று பெரியவர்கள் சொல்வது மிகையல்ல.

திணறுவது வண்டியா, காற்றா?

தென்மேற்குப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வருகிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் முளைத்ததற்குக் காரணமே அதுதான். காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவில் நோக்கிப் போகும் கார் அந்தக் காற்றை நேருக்கு நேர் கிழிக்க வேண்டும்.

கணக்கு எளிது. கார் 60 கி.மீ. வேகம், எதிர்காற்று 40 கி.மீ. என்றால் காருக்கு அது 100 கி.மீ. காற்று. காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும். ஆகவே காற்றில்லாத நாளைவிட 2.8 மடங்கு தடை. ஆயிரம் சி.சி. கார் நாலாவது கியரில் முனகாமல் என்ன செய்யும்? ஜூலையில் 'போகும்போது இழுக்கல, வரும்போது பறக்குது' என்று புகார் சொன்னால், ஸ்கேனரை எடுக்கும் முன் எந்தத் திசையில் போனீர்கள் என்று கேட்க வேண்டும்.

தானாக அணையும் ஏ.சி.

சின்ன இன்ஜின் கார்கள் பலவற்றில், ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தால் ஏ.சி. கம்ப்ரசர் சில நொடி தானாக அணைந்துவிடும். ஓவர்டேக் செய்யும்போது குளிர் குறைவது பழுதல்ல. அணைய வேண்டிய நேரத்தில் அணையவில்லை என்றால்தான் பழுது.

டீசலில் இரண்டாயிரம் என்ற எல்லை

ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா என்று ஒரு காலத்தில் டாக்ஸி ஸ்டாண்டு முழுக்க ஓடியது ஒரே குடும்பத்து 1,248 சி.சி. ஃபியட் டீசல் இன்ஜின். 2,000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே தூங்கும், மேலே பாயும். டர்போ சுழன்று காற்றை அழுத்த எடுக்கும் நேரம் அது, குறை இல்லை. கியரைக் குறைத்தால் தீர்ந்தது.

ஆனால் 2,000-ஐத் தாண்டியும் எழும்பவில்லை, கூடவே கறுப்புப் புகை, பானெட்டுக்கு அடியில் 'ஸ்ஸ்' என்ற சத்தம் என்றால் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் கிழிந்திருக்கிறது, அல்லது கிளாம்ப் நழுவியிருக்கிறது. நின்ற வண்டியில் கிழிசல் ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாது. ஹோஸின் அடிப்பக்கத்தைக் கையால் தடவுங்கள். ஆயில் ஈரம் தட்டும் இடத்தில்தான் வாய் பிளந்திருக்கும்.

இன்னொரு டீசல் புகார், ஃபில்டர் மாற்றிய மறுநாள் வரும்: ஓடும், நிற்கும், திணறும். "ஏர் பிடிச்சிருக்கு" என்பார்கள். லைனில் காற்றுக் குமிழ் புகுந்திருக்கிறது. ஹேண்ட் பம்பை இறுகும்வரை அழுத்தி ஏர் எடுத்தால் போதும். இதற்கு இன்ஜெக்டர் பிரிக்கச் சொன்னால் வேறு ஒர்க் ஷாப் பாருங்கள்.

ஊருக்குள்ளேயே ஓடும் பி.எஸ்.6 டீசல்

2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். இருக்கிறது. சேர்ந்த கரியை அது அவ்வப்போது 600 டிகிரி அளவு சூட்டில் எரித்துச் சாம்பலாக்க வேண்டும். வீடு, கடை, பள்ளிக்கூடம் என்று மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் அந்தச் சூடு வருவதே இல்லை. கரி நிறைந்ததும் கம்ப்யூட்டர் இழுவையைக் கட்டிப்போட்டு 'லிம்ப் மோடு'க்குப் போய்விடும். டி.பி.எஃப். விளக்கு முதல்முறை எரிந்ததும், நாற்கரச் சாலையில் சீரான வேகத்தில் இருபது, முப்பது நிமிடம் ஓட்டுங்கள். பெரும்பாலும் அதுவே மருந்து. மாதக்கணக்கில் பார்த்தும் பாராமல் விட்டால் மருந்து பலிக்காது.

சாலையில் காயும் உளுந்துச் செடி

அறுத்த உளுந்து, கொள்ளுச் செடிகளைச் சாலையில் பரப்பி வண்டிகளை ஏறவிடுவது நம் பக்கம் பார்த்ததுதான். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஓடும்போது 400 முதல் 800 டிகிரி வரை சூடாக இருக்கும். மிஸ்ஸிங் உள்ள வண்டியில் இன்னும் மேலே. காய்ந்த செடி அடியில் சுற்றிக்கொண்டால் தீப்பிடிக்கும். அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள். தாண்டியபின் ஒருமுறை குனிந்து பாருங்கள்.

எலிக்கு எதிராக மிளகாய்

ராத்திரி நன்றாக நிறுத்திய வண்டி காலையில் மூன்று சிலிண்டரில் ஓடினால் எலியைச் சந்தேகப்படுங்கள். வயலில் அறுவடை முடிந்ததும் அதற்கு வேறு இடம் வேண்டும். சூடான இன்ஜின் நல்ல இடம். இன்ஜெக்டர் ஒயர், சென்சார் ஒயர் என்று கடிக்கும். அமெரிக்காவில் ஹோண்டா நிறுவனம் மிளகாயின் காரமான கேப்சைசின் பூசிய டேப்பை ஒயரில் சுற்றவென்றே விற்கிறது. நம்மூரில் புகையிலைப் பொட்டலம் தொங்கவிடுகிறார்கள். அதில் எலி போகிறதோ இல்லையோ, ஓட்டுகிறவருக்குத் தும்மல் நிச்சயம்.

சிலந்தியால் திரும்பிய கார்கள்

2011-லும் 2014-லும் அமெரிக்காவில் மஸ்தா-6 கார்களை ஆயிரக்கணக்கில் திரும்ப அழைத்தார்கள். காரணம் ஒரு மஞ்சள் சிலந்தி. பெட்ரோல் வாடைக்கு வந்து, டேங்க் மூச்சுவிடும் குழாயில் வலை பின்னியது. டேங்குக்குள் காற்று நுழையாவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகும்; டேங்கே விரிசல் விடலாம். நம்மூரில் இந்த வேலையைக் குளவி மண்ணெடுத்துச் செய்யும். பெட்ரோல் மூடியைத் திறக்கும்போது 'புஸ்'ஸென்று காற்று உள்ளே இழுத்து, அதன்பின் வண்டி சிறிது நேரம் ஒழுங்காக ஓடினால், மூச்சுக்குழாய் அடைப்புதான்.

உப்புக் காற்றும் எர்த் ஒயரும்

கூட்டப்புளி, சின்னமுட்டம், கன்னியாகுமரி என்று கடலோரம் நிற்கும் வண்டிகளில் பேட்டரியின் எர்த் பட்டை, பாடியில் சேரும் போல்ட்டுக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போகும். சென்சார்கள் அனுப்பும் வோல்ட் கணக்கு அதனால் தடுமாறும். இன்றைக்கு ஒரு கோடு, நாளைக்கு வேறொரு கோடு என்று வரும். சென்சார் வாங்கும் முன் அந்த போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, வாஸ்லின் தடவி இறுக்குங்கள்.

இன்ஜினில் இல்லாத குறைகள்

ஆர்.பி.எம். முள் எகிறுகிறது, வேக முள் அசையவில்லை என்றால் இன்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது, கிளட்ச் தேய்ந்துவிட்டது. ஓட்டி நிறுத்திய பின் ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறதா, பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. 2014-ல் செலேரியோவோடு பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. கார்களில் கியர் மாறும்போது ஒரு கணம் இழுவை விடுபட்டுத் தலை முன்னால் சாயும். அது பிறவிக் குணம். கியர் மாறும் நேரத்தில் காலைக் கொஞ்சம் தளர்த்தினால் அடங்கும். தடிமனான மிதியடியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, ஆக்ஸிலேட்டர் முழுதாக இறங்காமல் 'பிக்கப் போச்சு' என்று வந்தவர்களும் உண்டு. அதற்குச் செலவு பூஜ்யம்.

சரிசெய்த பிறகு

கோடை அழித்துவிட்டால் விளக்கு அணையும். குறை போய்விட்டது என்று பொருளில்லை. கம்ப்யூட்டர் தன் சோதனைகளை மறுபடி முடிக்கக் கொஞ்சம் ஓட்டம் வேண்டும். அழிக்கும் முன் கோடையும், அது பதிவான வேளையின் ஆர்.பி.எம்., வெப்பநிலை, வேகம் ஆகியவற்றையும் செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஸ்கேனர்கள் காட்டும். பிறகு மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து, குறை வந்த அதே சாலையில், அதே கியரில், அதே ஆட்கணக்கோடு ஓட்டுங்கள். குளிரில் வந்த குறை என்றால் வண்டியை ஒர்க் ஷாப்பிலேயே ராத்திரி விட்டு, விடிந்ததும் அவர் முன்னாலேயே ஸ்டார்ட் செய்யுங்கள். ஏ.சி. இல்லாமல் ஒருமுறை, ஏ.சி. போட்டு ஒருமுறை. மாற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். பில்லை அதற்கப்புறம் போடட்டும்.